பாலத்திலா, ஒற்றையடிப் பாதையிலா?

“என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா?” என்று நாலு பேர் பார்க்கக் கேட்பதா, இருவர் மட்டும் இருக்கும்போது கேட்பதா? இந்தக் கேள்வியோடு மூன்று மாதம், வேலை செய்த கொழும்புக்கும் மலையகத்திலுள்ள ஹட்டனுக்கும் இடையில் பஸ்ஸில் போய் வந்தேன். கடைசியில் தனியாகத்தான் கேட்டேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

கூட்டத்தின் நடுவில் கேட்க நான் மனதில் வைத்திருந்த இடம், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் இரும்புச் சட்டம் எதுவும் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டியது. ரயில் வரும் நேரத்தில் இரு பக்கச் சரிவுகளிலும் ஆட்கள் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார்கள். கடையில் என்னோடு வேலை செய்த நண்பன் அங்கேதான் கேட்டான். அவள் அழுதுகொண்டே தலையாட்ட, முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். அந்த வீடியோவை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அதில் தெரியும் சந்தோஷத்தில் பொய்யில்லை. நுவரெலியாவில் கிறகரி வாவிக்கரையையும் யோசித்தேன். ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

செலவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மழையும் மூடுபனியும் இரண்டு வழிக்கும் பொது.

தனியாகக் கேட்பதில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் உண்டு: தனிமை கிடைப்பதில்லை. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் வரிசை வீடான லயத்தில் 10க்கு 12 அடிக் காம்பரா. பக்கத்துக் காம்பராவில் யாராவது இருமினால் நம் வீட்டில் கேட்கும். தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் ஆள், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஆள், கோயிலடியில் ஆள். ஒரு பையனும் பெண்ணும் பத்து நிமிடம் நின்று பேசினால் மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டில் அதுதான் பேச்சு. பாலத்துக்குப் போக ஒரு ரயில் டிக்கெட் போதும். தனியாகப் பேச ஒரு பாதையைத் தேடவே எனக்குப் பல வாரம் பிடித்தது.

இருந்தும் நான் அதைத் தேடியதற்குக் காரணம் ஒன்றுதான். கூட்டத்தின் முன்னால் கேட்டால் ‘சரி’ அல்லது ‘முடியாது’ என்ற பதிலுக்கு மட்டுமே இடம் இருக்கும். ‘சரி, ஆனால்…’ என்று தொடங்க முடியாது. கைபேசிகள் காத்திருக்கும்போது எந்தப் பெண் அந்த ‘ஆனால்’ என்ற சொல்லை எடுப்பாள்?

நான் கேட்ட பெண், தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை மாலை, பெரிய ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில் கேட்டேன். தூறல் விட்டிருந்தது, குடையை மடக்காமலே நின்றாள். பக்கத்துச் செடியிலிருந்து ஒரு கொழுந்தைக் கிள்ளி, விரலில் பச்சை ஏறும்வரை உருட்டினாள். பிறகு சொன்னாள்:

“எனக்குச் சம்மதம்தான். ஆனால் அம்மாவுக்கு அடுத்த வருடத்தோடு வேலை முடிகிறது. நானும் கொழும்புக்கு வந்துவிட்டால் இந்தக் காம்பராவை எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? அம்மாவைத் தனியே விட்டு வரமாட்டேன். நீங்கள் இந்தப் பக்கம் வருவீர்களா? இரண்டு கிழமை யோசித்துவிட்டுச் சொல்லுங்கள்.”

கேட்டவன் நான், யோசிக்க நேரம் தேவைப்பட்டதும் எனக்குத்தான். கொழும்புச் சம்பளம், தம்பியின் படிப்பு, ஊரில் என்ன வேலை கிடைக்கும் என்று இரண்டு கிழமையும் கணக்குப் போட்டேன். பாலத்தில் கேட்டிருந்தால் அவள் தலையாட்டியிருப்பாள், ரயில் போயிருக்கும், இந்தக் கேள்வி கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கும்.

முடியாது என்று அவள் சொல்லியிருந்தால்? நான் திங்கட்கிழமை பஸ் ஏறிப் போயிருப்பேன். அவள் தினமும் அதே பீலியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். இல்லை என்றவள் என்ற பேரோடு அங்கே நிற்கப்போவது அவள்தான். அந்தப் பேச்சுக்கு ஒரு வீடியோவும் துணை போவது எனக்குப் பிடிக்கவில்லை.

நண்பன் செய்தது தவறென்று சொல்லமாட்டேன். அவர்கள் இருவரும் எல்லாவற்றையும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். இரு வீட்டாருக்கும் தெரியும். அப்படியானால் பாலம் அழகான இடம்தான். பெண் ஒருத்தி ஆணிடம் கேட்பதை நான் இதுவரை பார்த்ததில்லை. அங்கும் இந்தக் கணக்கு பொருந்துமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டு கிழமை கழித்து அதே பாதையில் பதில் சொன்னேன். இப்போது ஹட்டனில் ஒரு கடையில் வேலை. சம்பளம் முன்பைவிடக் குறைவு. வீட்டார் போய்ப் பெண் கேட்டு, பரிசம் போட்ட பிறகு வந்த தேர்த் திருவிழாவில்தான் முதன்முறையாக எல்லோரும் பார்க்க அவள் பக்கத்தில் நின்றேன். தப்பு மேளச் சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழவில்லை. அவள் அம்மா எங்களைப் பார்த்துவிட்டு, கற்பூரத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.