நீராவி எஞ்சின் கிட்: காசு பாய்லருக்குத்தான்

நாமே கோத்து, நீராவியில் தண்டவாளத்தில் ஓட்டும் சின்ன மாடல் ரயில் எஞ்சின் இது. இந்தக் கிட்டுக்குக் கொடுக்கும் காசு பாய்லருக்கு. மற்றதெல்லாம் பாதி வேலை முடிந்த சாமான் என்று நினைத்து வாங்கினால் மனசு நோகாது. குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கு, ஷார்ஜாவில் இருக்கும் தங்கை மகன் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தான். நான் விக்கிரமசிங்கபுரம் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், வீடு அம்பாசமுத்திரம். அதனால் என் கண் முதலில் சேர்மானங்களைத்தான் பார்க்கும்.

நாலு சக்கரம், இரண்டு சிலிண்டர், பித்தளை பாய்லர், அதற்கு அடியில் தீ. சிலிண்டரே முன்னும் பின்னும் ஆடி நீராவித் துளையைத் திறந்து மூடும் வகை. தனி வால்வு, அதை ஆட்டும் கம்பி எதுவும் கிடையாது. பாய்லரைக் கம்பெனியிலேயே பற்றவைத்து அனுப்புகிறார்கள். பற்று சுத்தமாக இருக்கிறது, ஒரு சொட்டு கசியவில்லை. மிச்சத்தை ஸ்க்ரூ டிரைவரும் சின்ன ஸ்பேனரும் வைத்து ஒரு மத்தியானத்தில் கோத்துவிடலாம் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. கோத்துவிடலாம்தான். ஓடுமா என்பது வேறு கதை.

சிலிண்டர் முகமும் அது உரசும் கட்டையும் ஒன்றோடொன்று படியவே இல்லை. எங்கே படிகிறது என்று காட்டும் நீல மசை, புளூ, தடவிப் பார்த்தேன், ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியது. நடு வழியாக நீராவி போனால் சக்கரம் எப்படிச் சுற்றும்? பலர் சிலிண்டரைக் கட்டையோடு அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். இறுக்கினால் கசிவு குறையும், உராய்வு கூடும், வண்டி நின்ற இடத்திலேயே முனகும். கண்ணாடித் துண்டின் மேல் ஆயிரம் நம்பர் எமரித் தாளை வைத்து, எண்ணெய் விட்டு, லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிற மாதிரி தேய்க்க வேண்டும். அமுக்கக் கூடாது, சிலிண்டர் தன் கனத்திலேயே நகரட்டும். முகம் முழுக்க ஒரே நிறமாக ஆனபிறகு கடைசியாக மெட்டல் பாலிஷ். அப்புறம் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைத்தாலே போதும். கிட்டில் பெரிய வித்தியாசம் தந்த வேலை இதுதான், செலவு ஒரு எமரித் தாள்.

திருகாணிகள் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. 6 பி.ஏ. என்றால் 2.8 மில்லிமீட்டர். தொலைந்தால் நெல்லையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. 2.5 மில்லி துளை போட்டு, 3 மில்லி திருகாணிக்கு மரை வெட்டும் எம் 3 டேப் ஓட்டிவிட்டேன். இனி எந்த ஹார்டுவேர் கடை அண்ணாச்சியிடமும் வாங்கிக்கொள்ளலாம்.

சக்கரத்தை 32 மில்லி, 45 மில்லி அகலத் தண்டவாளம் இரண்டுக்கும் மாற்றி வைக்கலாம். 32க்கு 1:19, அதாவது நிஜத்தில் பத்தொன்பதில் ஒரு பங்கு, என்று கணக்குப் போட்டால் வெளிநாட்டு இரண்டடிப் பாதை. 45க்கு 1:22.5 என்று போட்டால் ஏறக்குறைய ஒரு மீட்டர். 1902, 1903இல் போட்ட நெல்லை–செங்கோட்டைப் பாதை அகலப்பாதை ஆகும்வரை மீட்டர் கேஜ்தானே, அதனால் 45. அச்சில் போட இரண்டு புஷ் (குழல் மாதிரி வளையம்) தேவைப்பட்டது. பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து தந்தார்கள். "அண்ணாச்சி, இது பேரனுக்கா?" என்று கேட்டார் பட்டறைக்காரர். "ஆமா" என்றேன், பேச்சு நீளக் கூடாதே. சின்ன வயதில் பார்த்த ஒய்.பி. என்ற மீட்டர் கேஜ் நீராவி எஞ்சினாக இதை மாற்ற முடியாது. அதற்குப் பெரிய சக்கரமே ஆறு, முன்னால் நாலு, பின்னால் இரண்டு. கூரையை உயர்த்தி, முன்னால் ஒரு விளக்கும், பாதையில் கிடப்பதை ஒதுக்கும் கௌகேட்சர் தடுப்பும் வைத்தேன். ஸ்டேஷனில் பெட்டிகளை இழுத்து மாற்றும் ஷண்டிங் வண்டி என்று சொன்னால் நம்புவார்கள்.

எரிபொருள்தான் தலைவலி. இதற்கு எரிக்கும் எரிபொருள் வில்லைகளை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், ஆகவே பெட்டியில் வரவில்லை. ஸ்பிரிட் வாங்க நம் மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும். "சூடத்தைப் போடுங்க அத்தான்" என்றான் மச்சினன். சூடம் கரியாகப் புகையும், பாய்லர் அடியில் கரி அப்பினால் சூடு உள்ளே போகாது. மலையேறுகிறவர்கள் சமையலுக்கு வைத்திருக்கும் ஹெக்சமின் வில்லை ஆன்லைனில் கிடைக்கிறது, அதுவே சரி. கொடுத்திருக்கும் தீத்தட்டு திறந்த தட்டு. ஆடிக் காற்றில் தீ ஒரு பக்கமாகப் படுத்துவிடுகிறது. முறுக்கு டின்னை வெட்டி இரண்டு பக்கமும் மறைப்பு வைத்தேன், கீழே காற்றுக்கு வரிசையாகத் துளை. தண்ணீர் தீருவதற்கு முன் தீ அணைகிற அளவுக்குத்தான் வில்லை வைக்க வேண்டும். வறண்ட பாய்லரில் பற்று உருகும். சேஃப்டி வால்வு ஸ்பிரிங்கை மட்டும் யாரும் தொடாதீர்கள், எத்தனை வருஷ அனுபவம் இருந்தாலும் சரி.

கிணற்றுத் தண்ணீர் உப்பு, உள்ளே படியும். நான் மழைத் தண்ணீரை வடிகட்டி ஊற்றுகிறேன். தையல் மெஷின் எண்ணெய் சிலிண்டருக்கு ஆகாது, நீராவிச் சூட்டில் நிற்காமல் போய்விடும். கெட்டியான ஸ்டீம் ஆயில் சில சொட்டு போதும்.

வேகம்? தனியாக விட்டால் தறிகெட்டு ஓடி வளைவில் கவிழும். மூன்று பெட்டி கோத்தால்தான் ரயில் மாதிரி போகிறது. ஓட்டி முடித்ததும் சூடு ஆறுவதற்குள் மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்து, துணியால் துடைத்து வையுங்கள். தண்டவாளம் பித்தளையாக வாங்குங்கள். சாரல் மாதத்தில் இரும்பு ஒரே வாரத்தில் துரு ஏறுகிறது.