மேமோகிராம் வண்டி: 5க்கு 4

சிகாகோவின் தென்பகுதியில், ஒரு தேவாலயத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு வரும் இலவச மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) வண்டிக்குப் பக்கத்து வீட்டு அம்மாவோடு போனேன். அவர் கறுப்பினப் பெண், வயது 52. எனக்கு 44.

உள்ளே இடம் குறுகல்தான். ஆனால் படம் எடுத்த பெண் தொடுவதற்கு முன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். அழுத்தும் வலி சில நொடிதான். ஆளுக்கு நாலு படம், கால் மணி நேரம்.

அந்த அம்மாவின் தங்கை 47 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். மேமோகிராம் எடுத்திருந்தார், பயாப்சிக்கு (திசுவை எடுத்துச் சோதிப்பதற்கு) மூன்று மாதம் காக்க வைத்தார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அந்த நோயால் இறக்கும் விகிதமோ ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். சிகிச்சைக்கு எளிதில் மசியாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை அவர்களுக்கு இருமடங்கு வருவது ஒரு காரணம். ஆனால் படம் எடுத்த பிறகு நாள் தள்ளிப்போவதற்கு எந்த மரபணுவும் பொறுப்பில்லை. எனக்கு ஆத்திரமே வருகிறது.

இந்த வண்டியை நான் மெச்சுவது அதற்காகத்தான். ஆறாம் நாளே போன் வந்தது. அம்மாவுக்கு மறுபடம் தேவை என்று சொல்லி, மருத்துவமனையில் தேதியும் போய்வர வண்டியும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள்.

குறை: நிழலே இல்லாமல் 40 நிமிடம் வெளியே நின்றோம். பலகையில் இன்னும் '50 வயது முதல்' என்றிருக்கிறது. 40 வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்று 2024லேயே பரிந்துரை மாறிவிட்டது. தயவுசெய்து மாற்றுங்கள்.

மறுபடத்தில் ஒன்றுமில்லை. சரி, அடுத்த முறை அவருடைய மகளையும் அழைத்துப் போகிறோம்.