கண்காட்சி ஸ்டால்: பிளைவுட்டா, அலுமினியமா, தேன்கூட்டு அட்டையா?

கண்காட்சிக்கு ஸ்டால் போடும்போது எந்தப் பொருள் பசுமையானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு: இதே ஸ்டால் எத்தனை முறை எழும்பப்போகிறது? முடிந்த இரவில் கழற்ற எவ்வளவு நேரம் கிடைக்கும்? 3×3 மீட்டர், மூன்று பக்கச் சுவர் என்ற வழக்கமான அளவை வைத்தே மூன்றையும் பார்ப்போம்.

பிளைவுட்

சுவர் உயரம் 2.44 மீட்டர் என்றால் 8×4 அடி ஷீட் சுவருக்கு இரண்டரை வீதம், மொத்தம் எட்டு. 12 மி.மீ. ஷீட் ஒன்று ஏறத்தாழ 21 கிலோ. சட்டக் கட்டைகளைச் சேர்க்காமலே 170 கிலோ வந்துவிடும். மரம் திரும்ப வளரும், உண்மைதான். ஆனால் புட்டி, பெயின்ட், வினைல் ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் பின் எல்லாம் ஏறிய பலகையை மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் குறைவு. பசையில் ஃபார்மால்டிஹைடு பிசின் இருப்பதால் அதை வெளியில் போட்டு எரிக்கவும் கூடாது.

பலகை குப்பையாவதற்குப் பெரிய காரணம் நேரம். நிதானமாகக் கட்டியதைச் சில மணி நேரத்தில் காலி செய்யச் சொன்னால் ஆணியை யார் பிடுங்குவார்கள்? கடப்பாரைதான் இறங்கும். பிளைவுட்தான் வேண்டும் என்றால் ஷீட்டின் அகலத்திலேயே, அதாவது 1.22 மீட்டரில், தனித்தனிச் சட்டங்களாகச் செய்து, ஆணியில்லாமல் போல்ட், நட் போட்டு இணையுங்கள். பின்சுவரின் நீளத்தை இரண்டு ஷீட் அகலத்தில், அதாவது 2.44 மீட்டரில் நிறுத்தி, மீதி 56 செ.மீ.யைப் பொருள் வைக்கும் மூலைக்கு வழியாக விட்டால் அந்தச் சுவரில் வெட்டுத்துண்டே விழாது. பெயின்ட் அடிக்காமல் துணி போர்த்தினால் அதே சட்டங்கள் அடுத்த கண்காட்சிக்கும் ஏறும்.

அலுமினியச் சட்டமும் பேனலும்

ஒரு மீட்டர் அகலத்தில் 9 பேனல், 10 தூண், மேலும் கீழுமாக 18 குறுக்குச் சட்டம், முகப்பில் பெயர்ப்பட்டை. ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) ஒன்று இருந்தால் போதும், ரம்பம் வேண்டாம், தூசி கிடையாது. அதற்காக இது தானாகவே பசுமையாகிவிடாது. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்க மின்சாரம் ஏராளமாகப் போகிறது. பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு அதில் சுமார் 5 சதவீத ஆற்றலே போதும். அதனால் புதிதாக வாங்கி ஒரே முறை போட்டுவிட்டு மூலையில் சாய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வாடகைக்கு எடுங்கள், அதுவும் அரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பு வைத்திருப்பவரிடம். வெகுதூரம் லாரியில் வந்தால் மிச்சம் பிடித்தது டீசலில் கரையும்.

இதில் கெடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒன்று, குறுக்குச் சட்டத்தைத் தூணோடு கொக்கிபோட்டுப் பிடிக்கும் லாக். இறுகிய பிறகும் கால் சுற்று சேர்த்துத் திருகினால் கொக்கி வளைந்து, அடுத்த முறை தூணைப் பிடிக்காது. மற்றொன்று பேனல் மேல் ஒட்டும் ஸ்டிக்கர். வெடுக்கென்று நேராக இழுத்தால் பசை பேனலிலேயே தங்கும்; அதை யாரோ பிளேடால் சுரண்டுவார்கள், மேற்பூச்சு கீறும், பேனல் கழிவுக்குப் போகும். எளிதில் உரியும் வினைலைக் கேட்டு வாங்கி, கழற்றும்போது மெல்லச் சூடுகாட்டி, மடித்த நிலையில் பேனலை ஒட்டியே மெதுவாக உரிக்க வேண்டும்.

தேன்கூட்டு அட்டை

இரண்டு தாள்களுக்கு நடுவே அறுகோணக் காகித அறைகள். எடை பிளைவுட்டில் பாதிகூட வராது, அச்சும் நேராக அதன் மேலேயே ஏறும். எதிரி ஈரம். இரவில் குளிர்சாதனத்தை நிறுத்தும் அரங்கில் காலைக்குள் அட்டை வளைந்திருக்கும். தரை துடைக்கும் தண்ணீர் அடிவிளிம்பில் ஏறினால் அது ஊதிப் பிளக்கும். அடியில் 2 அல்லது 3 செ.மீ. தாங்குகட்டை அவசியம். டிவியை இதில் மாட்டவே கூடாது, தனி ஸ்டாண்டு வையுங்கள். பளபளப்புக்காக பிளாஸ்டிக் லேமினேஷன் போட்டால் காகித மறுசுழற்சிக்குப் போகாது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். தீத்தடுப்புச் சான்று இல்லாத அட்டையைப் பல அரங்குகள் உள்ளேயே விடுவதில்லை. ஆர்டர் கொடுக்கும் முன் கேளுங்கள்.

எங்கள் தேர்வு: வருடத்துக்குப் பல கண்காட்சி என்றால் வாடகை அலுமினியம். ஒரே ஒரு முறை, உள்ளரங்கு, சிறிய ஸ்டால் என்றால் அட்டை. பிளைவுட், வேறு எதிலும் வராத வடிவம் வேண்டியபோது மட்டும், போல்ட் போட்டு.

மற்றவை

ஃபிளெக்ஸ் என்பது பாலியெஸ்டர் வலை மேல் பிவிசி பூச்சு. இரண்டும் பிரியாததால் மறுசுழற்சி கடினம். அதைவிட, ஓரத்தில் சிலிக்கோன் பட்டை தைத்து, அலுமினிய பிரேம் பள்ளத்தில் செருகும் அச்சுத்துணி நல்லது. மடித்துப் பையில் போடலாம், அடுத்த முறை துணி மட்டும் மாறும். அதுவும் பாலியெஸ்டர்தான் என்பதால் ஆண்டு, தேதி அச்சடிக்காதீர்கள். தேதி போட்ட துணி மறுமுறை நிற்காது.

தரைக்கு, ஒரு முறை விரித்துக் கிழிக்கும் கம்பளத்தைவிட 50 செ.மீ. கார்பெட் டைல் நல்லது. கறை பட்ட டைலை மட்டும் மாற்றினால் போதும். நடைபாதைக்குக் கம்பளமே வேண்டாம்.

மக்கும் கப் என்று விற்கும் பிஎல்ஏ (தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பிளாஸ்டிக்), 58 டிகிரி அளவில் சூடு நிற்கும் தொழிற்கூட உரக்கிடங்கில்தான் உரியபடி மக்கும். சாதாரணக் குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். பெட் பாட்டில்களோடு கலந்தால் அந்த மறுசுழற்சியையும் கெடுக்கும். அப்படியொரு கிடங்கு கழிவை எடுக்க எழுத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால், முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் கழுவும் கப்பே சரி. அதற்கும் கழுவும் இடம் அரங்கத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.