வயிற்றுத் தோல் அறுவைக்குப் பின் அணிந்த அழுத்த உடை

45 கிலோ எடை குறைந்தபின் தொங்கிய வயிற்றுத் தோலை அறுவை சிகிச்சையில் அகற்றிக்கொண்ட நான், தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்ளாமலும் வீக்கம் வடியவும் மருத்துவர் சொன்னபடி 6 வாரங்கள் இந்த உடையை அணிந்தேன். பக்கவாட்டு ஜிப்புக்கு உள்ளே இரண்டு வரிசைக் கொக்கிகள் இருப்பதால், வீக்கம் குறையக் குறைய இறுக்கிக்கொள்ள முடிந்தது. ஆனால், தோலுக்கடியில் சேரும் நீரை வெளியேற்ற வைத்த வடிகுழாய் வெளியே வர ஒரு துளைகூட வைக்காமல் தைத்தவரை என்னவென்று சொல்வது? ஒரு நாளில் வடியும் நீர் 30 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கிக் குழாயை எடுக்கும்வரை, ஜிப்பைப் பாதி திறந்துவைத்து, அந்த நீர் சேரும் குப்பியை இடுப்பில் ஊக்கு குத்தித் தொங்கவிட்டுக் கூனியபடியே நடந்தேன். இடுப்பு மடிப்பில் வந்த வேர்க்குரு, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் அணிந்தபின் அடங்கியது. துவைத்தது காயும்வரை மாற்றிக்கொள்ள வேண்டியிருப்பதால், வாங்குபவர்கள் இரண்டாக வாங்குவதே நல்லது.