‘ஃப்ளெஷ் டின்ட்’ ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு மாடித் தகரக் கொட்டகையில் ஞாயிறுதோறும் நடக்கும் உருவச் சித்திர வகுப்பு இது. ‘பெண்ணிய நோக்கில்’ என்று அடைமொழி போட்டிருப்பதால் காலை முழுக்கத் தத்துவம் ஓடும் என்று பயப்பட வேண்டாம். முதல் கால் மணி நேரம் ஒரே ஒரு படம்தான்: 1771–72இல் ஓவியர் சோஃபானி வரைந்த, லண்டன் ராயல் அகாடமி என்ற ஓவியர் கழகத்தின் குழுப்படம். ஆண் ஓவியர்கள் நிர்வாண மாடலைச் சுற்றிக் கூடியிருப்பார்கள். அகாடமியைத் தொடங்கியவர்களில் இருவரான ஆஞ்செலிகா காஃப்மனும் மேரி மோசரும் சுவரில் மாட்டிய முகப்படங்களாக மட்டும் இருப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் இல்லை, கரித்துண்டைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

எப்படி உட்காருவது என்பதை மாடலாக வரும் பெண்ணே முடிவு செய்கிறார். “கொஞ்சம் சிரிங்கம்மா”, “இடுப்ப இன்னும் வளைங்க” எல்லாம் இங்கே கூடாது. செல்போன்கள் வாசலில் ஒரு டப்பாவுக்குள் போய்விடும். 20 நிமிடம் இருப்பு (அசையாமல் உட்காருவது), 5 நிமிடம் ஓய்வு. அவர் எழுவதற்கு முன் பாதத்தைச் சுற்றியும் நாற்காலிக் கால்களைச் சுற்றியும் மாஸ்கிங் டேப் ஒட்டுகிறார்கள். அதை மறந்தால் அடுத்த இருப்பில் முழங்கால் நகர்ந்துவிடும், பாதிப் பேர் தாளில் மூன்றாவது கால் முளைக்கும்.

வகுப்பின் உயிர் கண்மட்டத்தில் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்கிற பெண்ணை நின்றபடி வரைந்தால் உச்சந்தலை பெரிதாகி, உடம்பு அதற்குக் கீழே ஒடுங்கிவிடும். அவரை யாரோ மேற்பார்வை பார்க்கிற மாதிரிப் படம் வரும். இங்கே வரைபவரும் பலகை போட்டுத் தரையில் உட்கார வேண்டும், இல்லையென்றால் மாடல் ஒன்றரை அடி மேடையில். உடம்பின் உயரம் தலையைப் போல ஏழரை மடங்கு என்கிற ‘ஏழரைத் தலை உயரம்’ வாய்ப்பாட்டையும் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தூரிகைக் காம்பை நீட்டி, எதிரே இருக்கும் உடம்பையே அளக்கச் சொல்கிறார்கள். முழங்கை மடங்கினால் ஒவ்வொரு அளவும் ஒவ்வொரு கணக்காகிவிடும்.

அடுத்தது நிறம். கடையில் ‘ஃப்ளெஷ் டின்ட்’ என்று விற்கும் வெளிர் ரோஜா நம் ஊர் தோலில் எதற்கும் பொருந்தாது. அதில் பழுப்பைக் கலந்து சரிக்கட்டலாம் என்று பார்த்தால் தோல் சாம்பல் பூத்தது போலாகும், காரணம் அதிலிருக்கும் வெள்ளை. இங்கே சொல்லித்தரும் கலவை: நிழலுக்கு பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) 2 பங்கு, அல்ட்ராமரைன் (அடர்நீலம்) 1 பங்கு. நடுநிறத்துக்கு அதோடு யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்) 1 பங்கு. வெளிச்சப் பக்கத்துக்கு ஓக்கரைக் கூட்டி, துளி கேட்மியம் ஆரஞ்சு. வெள்ளை கடைசியில், தூரிகை நுனியளவு. கன்ன எலும்பின் பளபளப்புக்கு மட்டும் அதில் கொஞ்சம் நீலம், ஏனென்றால் அங்கே தெரிவது ஜன்னல் வழி வரும் வானம். இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்கிலின் ‘மூன்று பெண்கள்’ (1935) படத்தைப் பக்கத்தில் மாட்டியிருப்பது பொருத்தம். தோலை வெளுக்காமல் வெளிச்சம் காட்ட முடியும் என்பதை அந்தப் பழுப்புகள் காட்டுகின்றன.

குறைகளும் உண்டு. காற்றாடி நேராக மாடல்மேல் அடிப்பதால் முந்தானை மடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. அதே காற்றில் தட்டிலேயே அக்ரிலிக் காய்ந்துபோகிறது, தண்ணீர் ஸ்ப்ரே அவசியம். காய்ந்தபின் அக்ரிலிக் ஒரு படி கறுக்கும் என்பதை முன்கூட்டியே சொல்வதில்லை, முதல் படத்தில் எல்லாருக்கும் முகம் இருண்டுவிடுகிறது.

பெரிய மனக்குறை வேறு. மாடலாக இருந்தே ஓவியரான சுசான் வாலடோனைக் காட்டுகிறார்கள், 80 வயதில் தன்னையே நிர்வாணமாக வரைந்து முடித்த ஆலிஸ் நீலைக் காட்டுகிறார்கள். சென்னை ஓவியக் கல்லூரியிலேயே படித்து, 1969இல் இளவயதில் இறந்த டி.கே. பத்மினி பெயர்கூட வரவில்லை. பெண்ணுடலைப் பெண்ணே வரைந்ததற்கு இத்தனை பக்கத்தில் வேறு யாரைத் தேடப் போகிறார்கள்? நீலைப் புகழ்ந்துவிட்டு, உட்கார வைக்கும் மாடல்கள் எல்லாருமே முப்பதைத் தாண்டாதவர்கள் என்பதும் இடிக்கிறது.

தாளும் கரியும் கட்டணத்தில் அடக்கம், வண்ணமும் தூரிகையும் நம்முடையவை. காலை 8 மணி அமர்வுக்கே போங்கள். பதினொன்றுக்கு மேல் தகரம் காய்ந்துவிடும், இருபது நிமிட இருப்பு மாடலுக்குத் தண்டனைதான்.