கேபிளில் ஓடும் வீட்டு நெட்: நீண்ட நாள் அனுபவம்

ரவுட்டர் கீழே ஹாலில் இருக்கிறது. அங்கிருந்து மாடி அறைக்கும் டிவிக்கும் கேட்-6 என்ற வகை நெட்வொர்க் கேபிள் சுவருக்குள் போகிறது. பல வருடங்களாக ஆபீஸ் வேலை முழுக்க இதில்தான். வேகத்தைவிட எனக்குப் பிடித்தது இதன் நிதானம். ரவுட்டருக்கு பிங் போட்டால், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்பும் நேரத்தை அளந்தால், எப்போதும் ஒரு மில்லி செகண்டுக்குக் கீழேதான். கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு வரும் வைஃபையில் இதே பிங் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடும். வீடியோ மீட்டிங்கில் குரல் விட்டுவிட்டுக் கேட்டதற்கு அந்த ஆட்டம்தான் காரணம்.

இத்தனை காலத்தில் வந்த ஒரே தொல்லை, மாடியில் மட்டும் ஸ்பீட் 94 எம்.பி.பி.எஸ்ஸைத் தாண்டாமல் நின்றது. கீழே பிளானில் சொன்ன 200 முழுசாக வந்தது. இப்படி 94, 95-லேயே நின்றால் லிங்க், அதாவது கேபிளின் இரு முனைக் கருவிகளும் பேசிக்கொள்ளும் வேகம், 100-க்கு இறங்கிவிட்டதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கேபிளுக்குள் எட்டு ஒயர், நான்கு ஜோடி. 100 எம்.பி.பி.எஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய பின்களில் வரும் இரண்டு ஜோடியே போதும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்.பி.பி.எஸ்ஸுக்கு, நான்கும் வேண்டும். அதனால் மீதி ஜோடிகளில் ஒரு ஒயர் தொடாவிட்டாலும் பெரும்பாலும் நெட் நிற்பதில்லை, வேகம் மட்டும் குறைகிறது. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு விளக்கு எரியும் கேபிள் டெஸ்டரை மாட்டியதும் 8-ஆம் விளக்கு எரியவில்லை. கேபிள் முனையில் இருக்கும் ஆர்ஜே-45 கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பிரவுன் ஒயர் முனை வரை வராமல் பாதியிலேயே நின்றிருந்தது.

அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். ஒயர்களின் நிற வரிசை டி568பி என்ற ஸ்டாண்டர்டு: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பிரவுன்-வெள்ளை, பிரவுன். இரண்டு முனையிலும் இதேதான். ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலக்காமல் காப்பது அந்த முறுக்குதான். எட்டு முனையும் கனெக்டரின் முன்பக்கத்தைத் தொடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கனெக்டரை ஒயர்களோடு இறுக்கும் கிரிம்பிங் டூலை அழுத்துங்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்புதானா என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் சிசிஏ வகை, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம், வளைத்தால் சீக்கிரம் உடையும். பிஓஇ கேமராவுக்குக் கரண்டும் இதே கேபிளில் போவதால், அதற்கு சிசிஏ வேண்டவே வேண்டாம்; சூடாகும், தூரம் கூடக்கூட வோல்டேஜும் விழும். சுவருக்குள் போன கேபிளை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை! இங்கே காசு பார்க்காதீர்கள்.

இன்னும் உயர்ந்த வகையான கேட்-8 வரை போக வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேட்-5ஈ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கேட்-6 என்றால் 55 மீட்டர் வரை 10 ஜிகாபிட்டும் போகும். வீட்டுக்கு இது தாராளம்.

மாடியில் ஒரு கேபிளைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் ஐந்து போர்ட் ஜிகாபிட் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. மாட்டியதோடு சரி, செட்டிங் எதுவும் கிடையாது. அப்புறம் அதிலிருந்தே கேபிள் இழுத்து ஒரு வைஃபை ஆக்சஸ் பாயிண்ட் வைத்தேன். இப்போது மாடியில் போனிலும் மீட்டிங் தடங்கலில்லாமல் ஓடுகிறது.