குரல் போனதா, குரல் மாற்றப்பட்டதா? ‘பிளாக்மெயில்’ ப்ளூரே

மௌனப்படத்தில் கொடிகட்டிப் பறந்தார், பேசும்படம் வந்ததும் குரல் எடுபடாமல் காணாமல் போனார் என்று ‘பிளாக்மெயில்’ படத்தின் நாயகி ஆனி ஒண்ட்ராவை ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அது சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைக் கண்ணாலும் காதாலும் பரிசோதித்துப் பார்க்க, கினோ லார்பர் என்ற டிஸ்க் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட ‘பிளாக்மெயில்’ ப்ளூரேயை விட நல்ல வழி இல்லை. ஹிட்ச்காக் 1929-ல் எடுத்த இந்தப் படத்தின் மௌனப் பதிப்பும் பேசும் பதிப்பும் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன.

எதை முதலில் பார்க்கிறோம் என்பது முக்கியம். சுமார் 75 நிமிடம் ஓடும் மௌனப் பதிப்பை முதலில் பாருங்கள். சுமார் 85 நிமிடம் ஓடும் பேசும் பதிப்பை ஒரு நாள் கழித்துப் பாருங்கள். படம் மௌனப்படமாகத்தான் தொடங்கப்பட்டது. பாதி வழியில், படத்தைத் தயாரித்த பிரிட்டிஷ் இன்டர்நேஷனல் பிக்சர்ஸின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவுக்கு ஒலிப்பதிவுக் கருவி வந்து சேர, பல காட்சிகள் திரும்ப எடுக்கப்பட்டன. நடிகர்களே சிலர் மாறினார்கள்: காவல்துறை அதிகாரியாக மௌனப் பதிப்பில் சாம் லைவ்சி, பேசும் பதிப்பில் ஹார்வி பிராபன். திரும்ப எடுக்காத பகுதிகள் அப்படியே தங்கிவிட்டன. அதனால்தான் பேசும் பதிப்பின் முதல் சில நிமிடங்களில், ஒரு குற்றவாளியைப் பிடித்துக்கொண்டு போகும் பகுதியில், இசை மட்டுமே கேட்கும். டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்து ஆடியோ டிராக்கை மாற்ற வேண்டாம். கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்துவிடும்.

இப்போது குரலுக்கு வருவோம். நாயகிக்கு இன்னொருவர் டப்பிங் பேசுவது தமிழ்ப்பட ரசிகர்களுக்குப் பழகிய சங்கதி. இங்கே நடந்தது டப்பிங் இல்லை. படத்தை எடுத்து முடித்துவிட்டுப் பிறகு குரல் சேர்க்கும் வசதி அப்போது அங்கே கிடையாது. ஜோன் பாரி என்ற நடிகை கேமராவுக்குத் தெரியாத இடத்தில் மைக் முன்னால் நின்று வசனம் பேசினார். அதே நேரத்தில் கேமராவுக்கு முன்னால் ஒண்ட்ரா வாயசைத்தார். இருவரில் யார் தடுமாறினாலும் அந்த டேக் வீண். சிரில் ரிச்சர்ட் நடித்த ஓவியனின் அறைக்கு நாயகி போகும் நீண்ட காட்சியில் இதன் விலை தெரிகிறது. வசனத்துக்கு முன்னால் ஒண்ட்ராவிடம் ஒரு சின்னக் காத்திருப்பு. குரல் வந்த பிறகுதான் உடம்பு அசைகிறது. மௌனப் பதிப்பில் இதே அறையில் அவருடைய கை, தோள், கண் எல்லாம் தங்கள் போக்கில் ஓடுகின்றன. தூரிகையைப் பிடித்துக் கித்தானில் கிறுக்கும்போது அந்தக் குறுகுறுப்பைக் கவனியுங்கள். கதைப்படி நாயகி லண்டன் கடைக்காரர் ஒருவரின் மகள்; அவளுக்கு ஜோன் பாரியின் குரல் ரொம்பவும் மேட்டுக்குடித்தனமாக ஒலிப்பது இன்னொரு குறை.

ஆனாலும் பேசும் பதிப்பை ஒதுக்கிவிட முடியாது. காலை உணவுக் காட்சி அங்கேதான் இருக்கிறது. முந்தின இரவு கத்தியால் அந்த ஓவியனைக் கொன்றுவிட்டு வந்த நாயகி மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கொலையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். மற்ற சொற்கள் எல்லாம் மங்கி முணுமுணுப்பாகிவிட, ‘கத்தி’ என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்பக் கூர்மையாக விழுகிறது. ரொட்டி வெட்டச் சொல்கிறார் அப்பா. கத்தி கையிலிருந்து எகிறி விழுகிறது. இந்தக் காட்சியில் ஒண்ட்ராவுக்கு வசனம் ஏறக்குறைய இல்லை. இரவல் குரலின் தொல்லை இல்லாததால் முகம் முழுச் சுதந்திரத்தோடு வேலை செய்கிறது. ஆரம்ப காலப் பேசும்படங்களிலேயே தலைசிறந்த ஒலிக்காட்சி ஒன்றைத் தாங்கி நிற்பது ஒரு மௌனப்பட நடிகையின் முகம்.

பேசும் பதிப்பு டிஸ்க்கில் 1.20, 1.33 என்று இரண்டு அளவுகளில் (படத்தின் உயரத்துக்கு அகலம் எத்தனை மடங்கு என்பது) இருக்கிறது. 1.20-ஐத் தேர்ந்தெடுங்கள். அந்தக் காலத்தில் ஃபிலிமின் ஓரத்தில் ஒலித்தடம் இடம் பிடித்துக்கொண்டதால் படச் சட்டம் கிட்டத்தட்டச் சதுரமானது. அதை 1.33-க்கு இழுக்க வேண்டுமென்றால் மேலும் கீழும் வெட்ட வேண்டும். நெருக்கக் காட்சிகளில் தலை இடிக்கும். டிவியில் படத்தை விரித்துக் காட்டும் அமைப்பையும், அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒலி மோனோ. சரவுண்ட் வைத்தால் இரைச்சல்தான் அறை முழுக்கப் பரவும்.

கூடுதல் பகுதிகளில் திரைப்பட விமர்சகர் டிம் லூகாஸின் வர்ணனை உழைத்துச் செய்தது. ஆனால் பொக்கிஷம் என்றால் ஒண்ட்ராவின் குரலைச் சோதிக்க எடுத்த, ஒரு நிமிடம்கூட ஓடாத அந்த ஒலிப் பரிசோதனைதான். ஹிட்ச்காக் பக்கத்தில் நின்று கேள்வி கேட்கிறார். ஒண்ட்ரா வெட்கப்பட்டுச் சிரித்து, முகத்தை மூடிக்கொண்டு, திரும்பிக்கொள்கிறார். கேள்விகளில் கொச்சை இருக்கிறது, இன்றைக்குக் கேட்கச் சங்கடம்தான். அவர் பேசும் ஆங்கிலத்தையும் கேளுங்கள். தெளிவாகப் புரிகிறது. செக் நாட்டு வாடை அடிக்கிறது, அவ்வளவே. லண்டன் கடைக்காரர் மகளாக நடிக்க அந்த உச்சரிப்பு பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

பிராகில் வளர்ந்த ஒண்ட்ரா, இயக்குநர் காரெல் லாமாச், ஒளிப்பதிவாளர் ஓட்டோ ஹெல்லர், எழுத்தாளர் வாஸர்மன் ஆகியோரோடு சேர்ந்து மௌனக் காலத்தில் நகைச்சுவைப் படங்களாகச் செய்து குவித்தவர். ‘பிளாக்மெயில்’ முடிந்த கையோடு, 1930-ல் லாமாச்சோடு சேர்ந்து பெர்லினில் சொந்தப் படநிறுவனமே தொடங்கினார். ஜெர்மன், செக் மொழிப் பேசும்படங்களில் சொந்தக் குரலில் நடித்தார், பாடினார். 1933-ல் குத்துச்சண்டை வீரர் மாக்ஸ் ஷ்மெலிங்கை மணந்த பிறகும் நடிப்பு நிற்கவில்லை. அவருக்கு மூடிய கதவு ஆங்கிலப் பேசும்படத்தின் கதவு மட்டும்தான். இந்தப் பெட்டியின் பெரிய குறையும் இதுவே: அந்த ஜெர்மன், செக் படங்களிலிருந்து ஒரு சின்னத் துண்டையாவது சேர்த்திருந்தால், ஒண்ட்ராவின் குரல் முழு நீளக் காட்சியில் எப்படி ஒலிக்கும் என்று கேட்டிருக்கலாம்.

வாங்கும் முன் ஒன்று. ப்ளூரே டிஸ்க்குகள் உலகை ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பிரித்து வருகின்றன; இது ஏ மண்டல டிஸ்க். சிங்கப்பூர், மலேசியாவில் வாங்கிய ப்ளேயர்களில் ஓடும். இந்தியா சி மண்டலம் என்பதால் இங்கே வாங்கிய சாதாரண ப்ளேயரில் ஓடாது. எல்லா மண்டலங்களையும் ஏற்கும் ப்ளேயர் வேண்டும்.